ஐந்தாம் கல்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருக்கிறவனுக்கு வாய் இல்லாவிட்டால் எந்த டிரைவர் மதிப்பான்? ஒரு நிமிஷம் முந்தி வண்டியை எடுத்தாலும் விசிலை ஊதி நிறுத்தி, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால்தான் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஏசுவடியான் விசில் என்றால் குற்றாலம் வண்டிக்காரன் முதல் பாவூர்சத்திரம் வண்டிக்காரன் வரை பிரேக்கில் காலை வைப்பான். அப்படிப்பட்ட நான் செய்த ஒரு காரியத்தை ஆறு வருஷமாக யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. என் வீட்டுக்காரி தங்கபுஷ்பத்திடம்கூட. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தொன்றாம் வருஷம், ஆனிக் கடைசி. சாரல் பிடித்துக்கொண்ட நேரம். மசூதுவின் டீக்கடைத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆகஸ்ட் பதினைந்தன்று குழு ஓட்டம். குழுவுக்கு ஐந்து பேர். தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து குற்றாலம் மார்க்கமாக ஐந்து கல் தொலைவு. ஐந்தாவது ஆள் வந்து சேரும் நேரமே குழுவின் நேரம். குழு ஜெயித்தாலும் தோற்றாலும், எட்டரை மணிக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டுகிற ஒவ்வொருவர் பெயரும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். போட்டியை நடத்துகிற கமிட்டியின் செயலாளர் பழைய காலத்து மனிதர், தமிழும் பழைய தமிழ்.

"ஓடுதது என்ன பெரிய வித்தையாவே? ஒரு மாசம் என் கையில விடுங்க, இந்தக் கடையில டீ குடிக்கிற அஞ்சு பேர நான் ஓட வச்சுக் காட்டுதேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

மசூது சேர்ந்தான். வாடகை சைக்கிள் கடை யாக்கூப் சேர்ந்தான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற பேச்சிமுத்து, "தலையில மூட்டை இல்லாம ஓடுதது சொகமாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சேர்ந்தான். என்னோடு நாலு பேர். ஐந்தாவதாக வந்து நின்றார் தில்லைநாயகம்.

தில்லைநாயகம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் தையல் கடை வைத்திருந்தார். நல்ல கனமான உடம்பு. ஊரில் அவருக்குப் பெயர் மெத்தை. சின்னப் பையன்கூட "மெத்தை கடையில சட்டைய வாங்கிட்டு வா" என்றுதான் சொல்வான். நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், மறைப்பானேன். அவர் வந்து நின்றதும் கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் உரக்கச் சிரித்தேன்.

"சேத்துக்கிடுவியளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஓடுவீரா, உருளுவீரா?"

அவர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, ஓடி முடிச்சா பேர மைக்குல வாசிப்பாவன்னு போட்டிருக்கே. எப்படி வாசிப்பாவ? முழுப் பேரா? இல்ல, மெத்தைன்னா?"

"முழுப் பேருதான்வே. தில்லைநாயகம்னு" என்றேன்.

"அஞ்சாங்கிளாசோட படிப்ப விட்டவன் நான். கல்யாணப் பத்திரிகையில போட்டது தவிர என் பேரு எங்கயும் வந்ததில்ல. ஒரு தடவ மைக்குல கேட்டாப் போதும். அகிலாண்டத்தையும் அங்கன வந்து நிக்கச் சொல்லணும்." அகிலாண்டம் அவர் மனைவி.

அந்த மனுஷனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் நான் கெடுத்தேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். வாய் அதிகம் என்றாலும் எனக்குக் கொஞ்சம் விவரமும் உண்டு. முதல் வாரம் யாரையும் ஒரேயடியாக ஓட விடவில்லை. ஒரு கரண்ட் போஸ்டிலிருந்து அடுத்த போஸ்ட் வரை ஓட்டம், அதற்கடுத்த போஸ்ட் வரை நடை. "ஓடும்போது பக்கத்துல வாரவன்கிட்ட வீட்டுக் கதை பேசணும். பேச முடியலன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். கொறச்சிரணும். நிக்கக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் வாரம் இரண்டு போஸ்ட் ஓட்டம், ஒரு போஸ்ட் நடை. மேலகரம் வரைக்கும் போய், அங்கிருந்து முதல் வண்டியில் ஏறித் திரும்புவோம். டிக்கெட்டா? டைம் கீப்பரிடம் எந்தக் கண்டக்டர் டிக்கெட் கேட்பான்!

நான் எப்போதும் கடைசியில்தான் ஓடினேன். தில்லைநாயகத்துக்குப் பின்னால், கழுத்தில் விசிலோடு. அவர் நின்றால் ஊதுவேன். "ஏன்வே, பட்டன் தச்ச களைப்பா? காலத் தூக்கும். கடைசி ஆளு வந்தாத்தான்வே டீம் வந்ததா கணக்கு. ஒருத்தன விட்டுட்டு நாலு பேரு போயி என்னத்துக்கு? செத்தாலும் அஞ்சு பேருமாத்தான் போவணும்!" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடுவார். செருப்போடு ஓடிப் பார்த்துக் கால் பொத்துப்போய், பிறகு யாக்கூப் எங்கிருந்தோ ஒரு கேன்வாஸ் ஷூ கொண்டு வந்து கொடுத்தான். மூன்றாம் வாரம் ஒரு நாள் பேச்சிமுத்துவிடம் சம்பந்தி வீட்டுக் கதை பேசிக்கொண்டே மேலகரம் தாண்டிப் போய்விட்டார். நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "அண்ணாச்சி, நடக்கவே இல்லியே நான்!" என்று ரோட்டில் நின்று கூவினார். பால்காரன் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிப்போயிற்று.

அந்த வாரம்தான் மசூது அந்தக் கேள்வியைக் கேட்டான். டீ ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"அண்ணாச்சி, அஞ்சு கல்லுன்னு போட்டிருக்கே. எங்க வாப்பா கல்லுன்னா மைலத்தான் சொல்லுவாவ. அஞ்சு மைலுன்னா எட்டுக் கிலோமீட்டருல்லா வருது? குத்தாலத்தத் தாண்டிப் போவணுமே. எதுக்கும் செயலாளர்ட்ட ஒரு வார்த்த கேட்டுருவமா?"

கேட்டிருக்கலாம். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் நான் யார்? இந்த ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் எண்ணி வண்டிக்கு நேரம் போடுகிறவன்.

"உங்க வாப்பா காலத்துல வெள்ளக்காரன் இருந்தான்வே. இப்ப எந்தக் கல்லுல மைலு எழுதியிருக்கு? பூராவும் கிலோமீட்டர் கல்லு. இங்கருந்து எண்ணினா அஞ்சாங்கல்லு குத்தாலத்துல நுழையுத எடத்துல நிக்கி. பொருத்தமா வச்சிருக்கான். டைம் கீப்பருக்கே தூரம் சொல்லித் தாரீரோ? உம்ம வேலை டீய ஆத்துதது, ஆத்தும்."

கடையே சிரித்தது. மசூது அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வாரமெல்லாம் ஐந்தாம் கல்வரை ஓடிப் பழகினோம். கல்லைத் தொட்டதும் தில்லைநாயகம் அதைக் கையால் தட்டிக் கொடுப்பார்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஐந்து மஞ்சள் சட்டைகளைத் தைத்துக்கொண்டு வந்தார். பாப்ளின் துணி. "ஓட்டத்துக்குப் பை எதுக்கு?" என்று பை இல்லாமல் தைத்திருந்தார். முதுகில் ஒவ்வொருவருக்கும் நம்பர் துணி. எனக்கு முப்பத்தொன்று. அவருக்கு முப்பத்தைந்து.

ஆகஸ்ட் பதினைந்து. ஏழு மணிக்குக் கொடியசைத்தார்கள். பதினோரு குழு. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். எங்கள் கம்பெனி டிரைவர் கண்டக்டர் எல்லோரும் வண்டி மேல் ஏறி நின்று, "ஏ டைம் கீப்பரு, லேட்டாவுது, லேட்டாவுது" என்று கத்தினார்கள். ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பின்னால் ஓடுகிறேன் என்று தில்லைநாயகத்திடம் சொல்லியிருந்தேன். அதை மறந்தேன். விசிலைக் கழற்றித் தங்கபுஷ்பம் கையில் கொடுத்துவிட்டுப் பாய்ந்தேன். முதல் கல்லில் எங்கள் ஆட்கள் நாலு பேரையும் விட்டுவிட்டுப் போய்விட்டேன். மூச்சு வாங்கியது, ஒரு வார்த்தை பேச முடிந்திருக்காது. பேசப் பக்கத்தில் யாரும் இல்லை.

மேலகரம் தாண்டும்போதே வயிற்றில் பிடித்தது. இன்னும் இரண்டு கல், ஒரு கல் என்று எண்ணி இழுத்துக்கொண்டு போனேன். ஐந்தாம் கல்லைத் தொட்டபோது எனக்குக் கண் இருட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். ரிப்பன் இல்லை. மைக் இல்லை. மேஜை இல்லை. சட்டையில் பூக் குத்திய ஒரு தொண்டர் மட்டும் கையை நீட்டி வழி காட்டிக்கொண்டு நின்றார்.

"நிக்காதீங்க அண்ணாச்சி, அப்படியே ஐந்தருவி ரோட்டுல போங்க. இன்னும் மூணு கிலோமீட்டருதான்."

"அஞ்சு கல்லுன்னு போட்டிருந்திய?"

"ஆமா. அஞ்சு மைலு."

அந்த இடத்தில் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்ல? கால் ஓயவில்லை என்று சொல்லவில்லை, ஓய்ந்துதான் போயிருந்தது. ஆனால் நடந்தாவது போயிருக்கலாம். கால் அல்ல காரணம். பின்னால் நாலு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். இந்தக் கல்தான் எல்லை என்று நம்பி, இருக்கிற சக்தியையெல்லாம் இதற்கு அளவாகச் செலவழித்து வருவார்கள். வந்ததும் மசூது என் முகத்தைப் பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான், பார்ப்பான். டீயை ஆற்றும் என்று சொன்ன வாய் அப்போது என்ன சொல்லும்? அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. ஓடிவிட்டேன். ரோட்டில் அல்ல, சந்து வழியாக, கடைகளுக்கு நடுவில் புகுந்து, பேரருவிக்கு.

விடுமுறை நாள், சீசன் நாள். ஆண்கள் பக்கம் தலைதான் தெரிந்தது. சட்டையைக் கழற்றினேன். மஞ்சள் சட்டை கண்ணில் படுமே என்று நம்பர் உள்ளே போகும்படி நன்றாக மடித்து, பாறை ஓரத்தில் ஒரு கல்லுக்கடியில் வைத்தேன். டிராயரோடு போய்த் தண்ணீருக்குள் நின்றேன். அருவிக்கு அடியில் நின்றால் மந்திரியும் ஒன்றுதான், மூட்டை தூக்குகிறவனும் ஒன்றுதான், முகம் தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறையைப் பார்த்தபடி நின்றேன்.

எவ்வளவு நேரமோ. குளிரில் பல் கிட்டிப்போய்க் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கினேன். அப்போதுதான் போலீஸ் மைக் கேட்டது. குற்றாலத்தில் சீசன் நாளில் அது ஓயாமல் பேசும். குழந்தையைக் காணோம், பர்ஸைக் காணோம், பாட்டியைக் காணோம்.

"தென்காசியைச் சேர்ந்த ஏசுவடியான், ஏசுவடியான், மஞ்சள் சட்டை அணிந்தவர், எங்கிருந்தாலும் உடனே காவல் உதவி மையத்துக்கு வரவும். உங்களைத் தில்லைநாயகம் தேடிக்கொண்டிருக்கிறார்."

மனுஷனுக்கு மனுஷன் இடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பார்ப்பது போலிருந்தது. நேரம் கணக்குப் போடுவது என் பிழைப்பு. எட்டுக்கு மேல் ஒரு ஐந்து நிமிஷம் இருக்கும். இப்போது நான் வெளியே போய் நின்றால், அவர்கள் நாலு பேரும் இந்த நிமிஷமே கிளம்பினால், ஓட்டமும் நடையுமாகவே எட்டரைக்குள் கோட்டைத் தாண்டிவிடலாம். தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே நான் மறுபடி தண்ணீருக்குள் போனேன். ஏசுவே, என்ன பிறவி நான்!

கொஞ்ச நேரத்தில் பேச்சிமுத்து வந்தான். மஞ்சள் சட்டை நனைய நனைய அருவிக்குள் நுழைந்து, ஒவ்வொருத்தன் தோளையும் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தான். "அண்ணாச்சி! ஏசுவடியான் அண்ணாச்சி!" என்று அலறினான். மார்க்கெட்டில் ஏலம் கத்துகிற தொண்டை. ஒரு குண்டு ஆசாமிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். என்னைத் தாண்டிப் போனான். அழுகிற குரலில்தான் போனான்.

மைக் இரண்டாம் தடவை கூப்பிட்டது. மூன்றாம் தடவையும் கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்தப் பெயர். உங்களைத் தில்லைநாயகம் தேடிக்கொண்டிருக்கிறார்.

எட்டரை மணி வண்டி ஆரன் அடித்துத் திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். இனி ஓட முடியாது, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நிச்சயமான பிறகு. ஒரு பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். யாக்கூப்தான் கண்டுபிடித்தான். "கெடச்சாச்சு! அண்ணாச்சி இங்கன இருக்காவ!" என்று கூப்பாடு போட்டான். மற்றவர்களும் ஓடி வந்தார்கள்.

"மயக்கம் வந்துட்டுவே" என்றேன். "தலைய நனைக்கலாம்னு வந்தேன். விழுந்துட்டேன் போல."

நம்பினார்கள். மசூது என் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தான். "கல்லு மைலா இருந்தா என்ன, கிலோமீட்டரா இருந்தா என்ன? உசுரு இருக்கே, அது போதும்" என்றான். அதைவிட அவன் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். "தொண்டர் உங்க மூஞ்சி வெளிறிப்போயிருந்துச்சு, சந்து வழியா அருவிப் பக்கம் போனியன்னு சொன்னாரு. எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. நான் மெத்தைகிட்ட சொன்னேன், நாங்க மூணு பேரும் தேடுதோம், நீரு போயி உம்ம பேர வாசிக்க வச்சுட்டு வாரும்னு. களைப்பே இல்ல அண்ணாச்சி அவருக்கு. கத பேசிக்கிட்டே வந்தாரு, இன்னும் மூணு கிலோமீட்டரு ஓடியிருப்பாரு. கேக்கல. அஞ்சு பேருமாத்தான் போவணும்னு அண்ணாச்சி சொல்லியிருக்காவன்னு நின்னுட்டாரு."

தில்லைநாயகம் அப்போது என் பக்கத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளிப் பாறை ஓரத்தில் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். என் சட்டை. கல்லுக்கடியிலிருந்து எடுத்தார். உதறவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைக் கை உள்ளே போயிருந்தது, நம்பர் உள்ளே போயிருந்தது, காலர் நேராக இருந்தது. மடிப்பைப் பார்ப்பது அவர் பிழைப்பு. மயங்கி விழப்போகிறவன் சட்டையை எப்படிக் கழற்றிப் போடுவான் என்று அவருக்குத் தெரியாதா?

என்னிடம் வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மடிப்புக் கலையாமல் சட்டையை என் மடியில் வைத்தார்.

"நனையாம இருக்கு அண்ணாச்சி. போட்டுக்கிடுங்க, குளிரும்."



ஐந்தருவி ரோட்டிலிருந்து அகிலாண்டம் இறங்கி வந்தாள், கையில் காப்பிப் பிளாஸ்க்கோடு. மைக் இருக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு போய், மேஜையை மடக்கி ரிப்பனைச் சுருட்டுகிற வரைக்கும் அங்கே நின்றிருக்கிறாள். புருஷனைப் பார்த்ததும், "ஏன் வரல? எல்லாரு பேரயும் வாசிச்சாவளே. உங்க பேர மட்டும் காணலியே" என்றாள்.

"ஏட்டி, வாசிச்சாவ" என்றார் தில்லைநாயகம். "இங்கன வாசிச்சாவ."

"மைக்குலயா?"

"மைக்குலதான். முழுப் பேரு. மூணு தடவ."

நான் தலையைத் தூக்கவே இல்லை. காப்பியை எனக்குத்தான் முதலில் ஊற்றிக் கொடுத்தாள் அந்தப் புண்ணியவதி. டம்ளரைப் பிடித்தபடியே இருந்தேன்.

அன்றிலிருந்து விசில் ஊதும்போதெல்லாம் எனக்கு அந்த மைக் சத்தம் கேட்கும். டிரைவரைத் திட்ட வாயைத் திறப்பேன், பாதியில் மூடிக்கொள்வேன். "அண்ணாச்சிக்கு அன்னைக்கு மயக்கம் வந்ததுல இருந்து உடம்பு சரியில்ல" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சட்டையைப் பிரித்துப் போட மனம் வரவில்லை. மடித்தது மடித்தபடி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். தில்லைநாயகம் கடைப் பக்கம் போக நேர்ந்தால் சுற்றுவழியில் போனேன். ஆனால் ஒன்று, மெத்தை என்று அப்புறம் நான் அவரைச் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் அதே சாரல், அதே தூணில் புது நோட்டீஸ். இந்தத் தடவை எட்டுக் கிலோமீட்டர் என்று எண்ணில் போட்டிருந்தது. நான் பார்க்காதது போலத் திரும்பி நின்றேன். சாயங்காலம் தில்லைநாயகமே டைம் ஆபீசுக்கு வந்தார். கையில் பெயர் எழுதிக் கொடுக்கிற ஃபாரம். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"எனக்கு உடம்புக்கு முடியாதுவே. வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றேன்.

அவர் ஃபாரத்தை மேஜையில் விரித்துவைத்தார். மசூது, யாக்கூப், பேச்சிமுத்து என்று மூன்று வரியில் எழுதினார். நாலாவது வரியில் நிறுத்தி நிறுத்தி என் பெயரை எழுதினார். ஐந்தாவது வரியில் தன் பெயர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தில்லைநாயகம், போன வருசம் அருவியில..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "அந்தச் சட்டைய மடிப்பப் பிரிச்சுத் துவச்சு வைங்க. இந்த வருசமும் அதுதான்."

எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவ நான் கடைசியா வாரேன். நீங்க எனக்கு முன்னால ஓடுங்க, என் கண்ணுல படுத மாதிரி."